முதலில் சந்து, பிறகு ஆல்பம்

தாராவியின் 90 அடிச் சாலை மாலை ஏழு மணிக்கும் 90 அடி அகலம் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். கைவண்டிகள், டெம்போக்கள், இட்லி மாவுக் கடை, தோல் பைகளைத் தோரணமாகத் தொங்கவிட்ட கடைகள் எல்லாம் போக மிஞ்சுகிற இடத்தில்தான் மனிதர்கள் நடக்க வேண்டும். அதிலிருந்து பிரியும் சந்துகள் ஏதாவது ஒன்றில், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக, ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடந்துவருகிறது. ஆறேழு பையன்கள் வட்டமாக நிற்பார்கள். ஒருவன் கைகளை வாய்க்கு முன் குவித்து டிரம்ஸ் சப்தத்தை எழுப்புவான். அடுத்தவன் அதன்மேல் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போவான். இரண்டு வரி இந்தி, ஒரு வரி தமிழ், நடுவே மும்பைக்கே உரிய ஒரு வசவு. தண்ணீர் டிரம்மின்மேல் சாய்த்துவைத்த செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிற அத்தைமார்கள், போன வாரம் பாடியது இதைவிடத் தேவலை என்று தலை நிமிராமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பையன்களிடம் ஆல்பம் எதுவும் இருக்காது. பெரும்பாலும் முழுசாக ஒரு பாட்டுக்கூட இருக்காது. ஆனால் ரசிகர்கள் இருப்பார்கள். சந்துக்குள் நாற்பது பேர், பக்கத்துச் சாலில் இருபது பேர், செல்போன் வழியே எங்கோ இருக்கிற சில நூறு பேர். ஆல்பம் என்ற ஒன்று வரும்போது அதைக் கேட்கப்போகிறவர்கள் இவர்கள்தான். இவர்களைச் சேர்க்காமல் ஆல்பம் போட்டால் என்ன ஆகும் என்பது பையன்களுக்கு நன்றாகவே தெரியும். முன்னால் போன சிலருடைய பாட்டுகள் யாரும் திறந்து பார்க்காத கல்யாணப் பத்திரிகையைப் போல இணையத்தில் கிடக்கின்றன.

காஸெட் காலத்தில் வரிசை வேறாக இருந்தது. கம்பெனி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், பணம் போடும், ஸ்டூடியோ பிடிக்கும், அட்டையில் படம் அச்சிடும், கடைகளுக்கு அனுப்பும். ரசிகர்கள் அதற்குப் பிறகு வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். வராவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. இப்போது பாட்டைப் பதிவு செய்வது மலிந்துவிட்டது. ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர், அறைச் சுவரில் எதிரொலியைக் குறைக்கத் தொங்கவிடும் கம்பளி, இவை போதும். அதை ஒருவரைக் கேட்கவைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. முன்பு கம்பெனி சுமந்த நஷ்டம், சத்தமில்லாமல் பாடுகிறவன் தோளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கிறார்கள்.

ராப் என்ற இசைக்கு இந்த வரிசை பிறவியிலேயே அமைந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர், தங்கை நடத்திய விருந்தில் இசைத் தட்டுகளைச் சுழற்றியதை அந்த இசையின் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள். முதல் ராப் இசைத்தட்டு பெரிய அளவில் விற்பனையானது 1979-ல். இடைப்பட்ட ஆறு வருடங்கள் தெருவும் பூங்காவும் பள்ளிக்கூட ஹாலும்தான் மேடை. பின்னர் எண்பதுகளில் ஓக்லாந்து நகரத்தில் டூ ஷார்ட் என்ற பாடகர், கேட்கிற ஆளின் பெயரையே பாட்டில் வைத்துக் காஸெட் பதிவு செய்து தெருவில் விற்றார். தன் பெயர் வரும் பாட்டை வாங்காதவர் யார்? ஊர்த் திருவிழாவில் பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்தவரின் பெயரை வில்லுப்பாட்டுக்காரர் இரண்டு தடவை சொல்வது இதே வியாபாரம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதை அமெரிக்கர் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மும்பையின் கணக்கைப் பார்க்கலாம். குர்லாவைச் சேர்ந்த நேஸி (நாவேத் ஷேக்) 2014 ஜனவரியில் 'ஆஃபத்' என்ற பாட்டைத் தன் ஐபேடிலேயே பதிவு செய்து, படமெடுத்து, வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 2015-ல், அந்தேரியின் டிவைன் (விவியன் பெர்னாண்டஸ்) அவருடன் சேர்ந்து 'மேரே கல்லி மே' பாடினார். நகரம் திரும்பிப் பார்த்தது. இருவரும் அப்போதே ஆல்பம் போட்டிருக்கலாம். டிவைனின் முதல் ஆல்பமான 'கோஹினூர்' வந்தது 2019 அக்டோபரில். நேஸியின் 'மக்ரிப்' 2020-ல். அதாவது ஒருவருக்கு நாலு வருடம், மற்றவருக்கு ஆறு வருடம். நடுவில் ஒரு பாட்டு, ஒரு கல்லூரி விழா, மறுபடி ஒரு பாட்டு, ஒரு கிளப் மேடை என்று ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் இன்னொன்றும் நடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைக் கீழே தள்ளியது. அதுவரை ஒரு வீடியோவைப் பார்க்க யோசித்த சந்து, நாள் முழுக்கப் பார்க்க ஆரம்பித்தது. இவர்கள் வாழ்க்கையை ஒட்டி ஜோயா அக்தர் எடுத்த 'கல்லி பாய்' 2019 பிப்ரவரியில் வந்தபோது, நாயகனின் வீடு தாராவியில் இருந்தது. குர்லாவும் அந்தேரியும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

தாராவிக்கு அதற்கு முன்பே சொந்த ஆட்கள் இருந்தார்கள். 2012 வாக்கில் உருவான டோப்அடெலிக்ஸ் குழு அவற்றில் முக்கியமானது. ஸ்டோனி சைக்கோ என்ற பெயரில் பாடும் டோனி செபாஸ்டியன், டோப் டாடி என்ற ராஜேஷ் ராதாகிருஷ்ணன் ஆகியோர் இருந்த அந்தக் குழு, இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் நாலையும் ஒரே பாட்டில் கலந்து அடித்தது. கஞ்சா வைத்திருப்பதாகச் சந்தேகித்து போலீஸ் பையன்களை மடக்குவதைப் பற்றி அவர்கள் மராத்தியில் பாடிய பாட்டு, தாராவியில் மடக்கப்பட்ட ஒவ்வொரு பையனுக்கும் சொந்தப் பாட்டாகிவிட்டது. விளம்பரச் செலவு எதுவும் இல்லை. பாட்டைக் கேட்டவன் தனக்கு நடந்ததைச் சொல்வதற்குப் பதில் பாட்டை அனுப்பினான். ரசிகர் கூட்டம் சேர்வதற்கு இதைவிட உறுதியான வழி இன்றுவரை யாருக்கும் தென்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு 2018-ல் 'காலா' வந்தது. பா. ரஞ்சித் இயக்கம், சந்தோஷ் நாராயணன் இசை, தாராவியின் தமிழ்த் தாதாவாக ரஜினிகாந்த். 'செம்ம வெயிட்டு' உள்ளிட்ட பாடல்களில் டோப்அடெலிக்ஸின் குரலும் வரிகளும் இடம் பெற்றன. கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் ரஜினி படம் வெளியாகிற நாட்களில் கட்அவுட்டுக்குப் பாலூற்றி வளர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மேடை இருக்க முடியாது. ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் அவர்கள் குரலைக் கேட்டது. ஆனால் அந்த லட்சக்கணக்கானவர்கள் யாருடைய ரசிகர்கள்? படம் ரஜினியுடையது. பாட்டை முணுமுணுத்தவர்களில் எத்தனை பேர் பாடியவர் யார் என்று தேடிப் போனார்கள் என்பது வேறு விஷயம். இரவல் கூட்டத்தில் கைதட்டல் பலமாகக் கேட்கும். கூட்டம் கலையும்போது உரியவர் பின்னால்தான் போகும். அந்தக் கூட்டத்திலிருந்து நூற்றுக்கு ஒருவரையாவது தன் சந்துக்கு அழைத்து வருவதுதான் பாடகனுக்கு மிஞ்சுகிற வேலை.

தமிழ்நாட்டிலும் மற்றத் தமிழ்ப் பிரதேசங்களிலும் இதே கதை வெவ்வேறு விதமாக நடந்திருக்கிறது. மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, அதற்கான காது அங்கே ஏற்கனவே பழகியிருந்தது. கோவையிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழாவுக்கு 2011-ல் ஒரு எஃப்எம் நிலையத்தில் பாடிய பாட்டின் வீடியோ பரவியதுதான் திருப்பம். பெண்களைப் பற்றிய அதன் வரிகளுக்குக் கண்டனமும் வந்தது. கண்டனமும் சேர்ந்துதான் பெயர் பரவியது. ஆல்பம் 2012-ல் வெளியானபோது வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவையாக மேடையேறியபோது, அந்தக் குழுவின் கானாவையும் ராப்பையும் ஆல்பத்தில் கேட்டுவிட்டு வந்தவர் யாருமில்லை. ஆனாலும் மைதானம் நிரம்பியது.

தாராவிப் பையனுக்கு இவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. எந்த மொழியில் ஆள் சேர்ப்பது? கோவைக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. தாராவியிலோ வீட்டுக்குள் தமிழ், சந்தில் மும்பை இந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ. தமிழில் பாடினால் ஆச்சிக்குப் புரியும். எதிர்வீட்டு உத்தரப்பிரதேச நண்பனுக்குப் புரியாது. இந்தியில் பாடினால் நகரம் கேட்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஏற்கனவே பத்தாயிரம் பேர் நிற்கிறார்கள். சென்னைக்காரர் காதுக்கு அவன் தமிழ் கொஞ்சம் வேறு மாதிரி. பாளையங்கோட்டைப் பாட்டியின் சொல்லும் தாதர் ரயிலின் சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும். பலர் இதைத் திருத்திக்கொள்ள முயன்று, சென்னை சினிமாத் தமிழில் எழுதிப்பார்க்கிறார்கள். அது ஒட்டுவதில்லை. டோப்அடெலிக்ஸ் எடுபட்டதற்குக் காரணமே நாலு மொழியையும் மறைக்காததுதான்.

தாராவியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் மாட்டுங்கா. அங்கே ரசிகர் என்ற சொல்லுக்கு வேறு நிறம். பூக்கடையில் மல்லிகையும் கதம்பமும், உடுப்பி ஹோட்டலில் ஃபில்டர் காப்பி, ஆஸ்திக சமாஜத்தில் உபன்யாசம். சைபர் என்று இளைஞர்கள் சொல்லும் அந்த வட்டத்தை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பஜனை மண்டலி என்றால் உடனே புரியும். வட்டமாக உட்காருவது, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவது, புதிய குரலுக்கு ஓரமாக ஒரு வாய்ப்பு. ஏற்பாடு அதேதான், வசவு மட்டும் கிடையாது.

கிங்ஸ் சர்க்கிள் ஷண்முகானந்தா ஹாலை எடுத்துக்கொள்வோம். சபா தொடங்கியது 1952-ல். ஹால் திறந்தது 1963-ல். பதினோரு வருடங்கள் சொந்த அரங்கமே இல்லாமல் உறுப்பினர்களைச் சேர்த்து, கச்சேரி நடத்தி, பிறகுதான் சுமார் 2,700 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டினார்கள். 1990-ல் தீ விபத்தில் அரங்கம் நாசமானது. மறுபடி திறக்க 1998 ஆயிற்று. அந்த எட்டு வருடங்களில் சபா கலைந்துவிடவில்லை. சுவர் எரிந்தபோதும் ரசிகர்கள் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள். அவர்களுடைய பெயரும் விலாசமும் சபாவிடம் இருந்தன. இந்த விலாசம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தாராவிப் பையன்களின் கதையில் அது திரும்பி வரும்.

அந்த வட்டாரத்துப் பாடகர்களும் பொறுமைக்காரர்கள்தான். மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளியில் படித்த ஹரிஹரன் 1977-ல் சுர் சிங்கார் போட்டியில் பரிசு வாங்கினார். நடுவராக இருந்த இசையமைப்பாளர் ஜெய்தேவ் தன் 'கமன்' படத்தில் பாடவைத்தார். அந்தப் பெயர் பட்டிதொட்டிக்கெல்லாம் போய்ச் சேர 1992-ன் 'ரோஜா' வரை ஆயிற்று. லெஸ்லி லூயிஸுடன் 'கலோனியல் கஸின்ஸ்' போட்டது 1996-ல். அதற்குள் கஜல் கேட்கிறவர்கள், தமிழ்ப் படப்பாட்டு கேட்கிறவர்கள், அம்மா அலமேலு மணியின் வழியாகக் கர்நாடக சங்கீதம் அறிந்தவர்கள் என்று மூன்று கூட்டம் அவர் பின்னால் இருந்தது. செம்பூரில் பிறந்த ஷங்கர் மகாதேவன் சாஃப்ட்வேர் வேலை பார்த்து, விட்டு, விளம்பரப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தார். 1998-ல் ஜாவேத் அக்தர் வரிகளில் 'பிரெத்லெஸ்' வந்தபோது யார் இந்தப் புது ஆள் என்று நாடு கேட்டது. புது ஆள் அல்ல. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் அந்தக் குரலை வீடுகள் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தன, பெயர் தெரியாமல்.

செம்பூருக்கும் தாராவிக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. செம்பூர்ப் பையன் வேலையை விட்டால் திரும்பிப் போக ஒரு டிகிரி இருக்கும். பாட்டு வகுப்புக்கு அம்மாவே அழைத்துப் போவார். தாராவிப் பையன் பகலில் டெலிவரி வண்டி ஓட்டுவான், அல்லது தையல் பட்டறையில் நிற்பான். பதிவு நள்ளிரவு தாண்டித்தான், பட்டறை மெஷின்களும் டெம்போக்களும் ஓய்ந்த பிறகு. நாலு வருடம் காத்திருந்து ஆள் சேர் என்ற அறிவுரை எளிதாகத் தரக்கூடியது. அந்த நாலு வருடத்துக்கு வீட்டு வாடகை யார் கொடுப்பது என்பதை அறிவுரை சொல்கிறவர்கள் குறிப்பிடுவதில்லை.

வருமானக் கணக்கும் அப்படித்தான். யூடியூப் விளம்பரப் பணத்தில் பங்கு தர 2018 முதல் வைத்திருக்கும் வழக்கமான நிபந்தனை, 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும். மூன்று நிமிடப் பாட்டானால், முழுசாக 80,000 தடவை ஓட வேண்டும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், ஓர் ஆண்டில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் தருவதில்லை. ஒரு ஆல்பத்தில் எட்டுப் பாட்டு இருந்து, ரசிகர்கள் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டால், மற்ற ஏழும் காசில்லாமல் கிடக்கும். அதனால்தான் பையன்கள் எட்டையும் ஒன்றாக வெளியிடத் தயங்கி, ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். மார்க்கெட்டிங் தந்திரம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் எட்டே முட்டை இருக்கிறவளின் எச்சரிக்கை என்றும் சொல்லலாம்.

இனி விலாசம். மும்பை ராப் பாடகர்களின் முதல் தலைமுறை ஒருவரையொருவர் கண்டுபிடித்தது ஆர்குட்டில். ராப் போட்டிகளை எழுத்திலேயே நடத்தினார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. அங்கே சேர்த்த கூட்டமும் போயிற்று. பிறகு டிக்டாக். மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடனம் ஆடியும் பாடியும் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று அரசு அதைத் தடை செய்தது. கொரோனாவில் மேடை நிகழ்ச்சிகளும் நின்றுபோன சமயம். ஒரே ராத்திரியில் லட்சம் ரசிகர் பூஜ்யம். அவர்களில் ஒருவருடைய பெயரோ போன் நம்பரோ பாடியவன் கையில் இல்லை. எல்லாம் கம்பெனியிடம் இருந்தது.

பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டுவது என்றால் என்னவென்று தாராவியில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டாம். தகரம் மாற்றி, மாடி எடுத்து, மீட்டர் வாங்கி, ரேஷன் கார்டு சேர்த்து நாற்பது வருடம் இருந்தாலும் நிலம் தன்னுடையதல்ல என்ற நினைவோடுதான் அப்பா தூங்குவார். மகன் செல்போனில் கட்டியதும் அதே மாதிரியான வீடுதான். சூடு பட்டவர்கள் இப்போது சபாக்காரர்கள் மாதிரி நடந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் வாட்ஸ்அப் குழுவுக்கு நம்பர் வாங்குகிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கிறவர்களும் உண்டு.

சந்து என்கிற அசல் மேடைக்கும் இப்போது கேள்வி வந்துவிட்டது. தாராவியைத் திருத்தி அமைக்கும் திட்டத்தின் ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. மகாராஷ்டிர அரசும் பங்குதாரர். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் இருந்ததை நிரூபிக்கிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் மும்பையின் வேறு பகுதிகளில். கீழ் வீட்டுப் பையன் இங்கே, மாடி வீட்டுப் பையன் வேறெங்கோ. பீட் போடுகிறவன் ஒரு பக்கம், எழுதுகிறவன் ஒரு பக்கம். தண்ணீரும் கழிப்பறையும் உள்ள வீடு கிடைத்தால் அந்த அத்தை சந்தோஷப்படுவார், படவும் வேண்டும். சந்தின் அழகைக் காப்பாற்ற அவர் தண்ணீர்க் குடத்தோடு நிற்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இருந்தாலும் இருபது மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் வாசலில் வட்டமாக நின்று கத்தினால் வாட்ச்மேன் வருவார்.

எம்சி அல்தாஃப் என்ற தாராவிப் பாடகர் 2019-ல் போட்ட பாட்டுக்குப் பெயரே 'கோட் மும்பை 17'. அஞ்சல் குறியீடு 400017, தாராவி. மாட்டுங்கா 19, செம்பூர் 71. கடைசி இரண்டு இலக்கத்தைச் சொன்னாலே ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணைப் போட்ட பனியன்களைத் தாராவியில் பார்க்கலாம். பாட்டை விற்பதைவிடப் பனியனை விற்பது சுலபம் என்று பையன்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

90 அடிச் சாலைச் சந்தில் அந்த வட்டம் இன்னும் கூடுகிறது. ஆல்பம் எப்போது என்று கேட்டால், மழை முடியட்டும் என்பார்கள். வேறு காரணம் ஒன்றுமில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் எந்த மைக்கிலும் குரல் ஏறாது.